தட்டு கழுவுகிற தம்பிக்கும், மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

இடது கட்டைவிரல் ஒன்றை வைத்துத்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் சுற்றியிருந்த கட்டுத்துணியை நேற்று பிரித்துவிட்டார்கள். தோல் இளஞ்சிவப்பாக, மெல்லிசாக வந்திருக்கிறது. ஐந்து விரலும் மடங்குகிறது. டாக்டர் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்றார். அதைக் கேட்டதிலிருந்து யாரிடமாவது நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம்ம ஹோட்டலில் தோசை வார்க்கிற என் வலது கை அன்று ராத்திரி தோசைக்கல் பக்கம் வெந்துபோனது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை இங்கே மறுபடி கிளறவில்லை.

முதலில் பலருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் தோசை மாவை அள்ளிக்கொண்டும் இன்னொருத்தர் பேஸ்ட் டியூபோடும் ஓடிவந்தபோது, இரண்டு பேரையும் அதட்டி விரட்டிவிட்டு, பைப்பைத் திறந்து இருபது நிமிஷம் என் கையைத் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு நின்ற கேஷியர் அக்காவுக்கு நன்றி. வேறெதுவும் தடவாமல் வந்தது நல்லதாகப் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மீட்டர், பேரம் எதுவும் பேசாமல் கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டோ அண்ணனுக்கும், கட்டு மாற்றும்போதெல்லாம் ஊர்க்கதை கேட்டு என் கவனத்தைத் திருப்பிவிட்ட கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை தீக்காய வார்டு சிஸ்டர்களுக்கும், என் கல்லையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட பரோட்டா மாஸ்டருக்கும், சட்டை பட்டன் போட்டுவிட்ட ரூம் நண்பர்களுக்கும், கேட்காமலேயே ஜிபேயில் பணம் போட்டவர்களுக்கும் நன்றி. ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் தாள்களை அலைந்து திரிந்து சரிசெய்து கொடுத்த மேனேஜர் சாருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஈஎஸ்ஐக்கென்று சம்பளத்தில் மாசாமாசம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே என்று முனகுகிற தம்பிகளே, வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அதிலிருந்துதான் வருகிறது. மாசம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்கள், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற கடையில் வேலை செய்தும் ஈஎஸ்ஐ நம்பர் இல்லையென்றால், நாளைக்கே வாயைத் திறந்து கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

சரி, இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

கையில் கட்டோடு ரூமில் கிடந்த நாட்களில் யார் வந்தாலும் வலி எப்படி இருக்கிறது, அம்மாவிடம் சொல்லியாயிற்றா என்றுதான் கேட்டார்கள். நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே அது ஒரு விஷயமாகப் படவில்லை. ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சாம்பார் சாதம் சாப்பிட்டுப் பாருங்கள், பாதி லுங்கியில்தான் விழும். நாலு வாய்க்குள் அலுத்துப்போய்த் தட்டைத் தள்ளிவிடுவேன். அப்புறம் டீயும் பன்னும். பன்னுக்கு எந்தக் கையானாலும் போதும்.

இதைக் கண்டுபிடித்தது கீழே வாஷிங் பக்கம் நிற்கிற தம்பி. ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம், பெர்ஹாம்பூர் பக்கத்துப் பையன். எங்களோடு அதிகம் பேசமாட்டான். மேலே ரூமுக்கு வருகிற சாப்பாட்டுத் தட்டு அவனிடம்தானே கழுவப் போகிறது? என் தட்டில் மட்டும் சோறு அப்படியே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறான். மதிய ரஷ் முடிந்ததும் ஒருநாள் ஈரக் கையை பனியனில் துடைத்துக்கொண்டே மேலே வந்து, தட்டையும் என்னையும் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. ஸ்பூனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து உருட்டி, "அண்ணா, வாய் தொற" என்றான்.

இருபத்துமூன்று வயசு ஆம்பளை நான். கூச்சமாக இருந்தது. அவன் தன் போனை பக்கெட்டில் சாய்த்து வைத்து ஏதோ ஒடியா காமெடி ஓடவிட்டான். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் என் முகத்தைப் பார்க்காமலே ஒவ்வொரு உருண்டையாகக் கொடுத்தான். நான் கூச்சப்படக் கூடாது என்றுதான் அந்த வீடியோ என்று ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. சோப்புத் தண்ணீரிலேயே ஊறி அவன் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நகத்தோரம் வெடிப்பு. அந்த வெடிப்பில் சாம்பார் பட்டால் எரியத்தான் செய்யும். அவன் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். வெயில் ஏறிய பிறகு சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு அவன் ஊர்ச் சாப்பாட்டையே கொண்டுவர ஆரம்பித்தான். பகாளம் என்கிறார்கள். நம்ம பழைய சோறேதான், ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. அவர்கள் ஊரில் மார்ச் 20-ஐ அதற்கென்றே ஒரு நாளாக வைத்துக் கொண்டாடுகிறார்களாம். தொட்டுக்கொள்ள அவித்த உருளைக்கிழங்கு. வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கடுகெண்ணெய் விட்டு விரலாலேயே மசிப்பான். கடுகெண்ணெய் வாசனை நம்ம ஆட்களுக்கு ஆகாது, எனக்கும் முதல் நாள் மூக்கில் ஏறியது. நாலைந்து நாளில் அது இல்லாவிட்டால் இறங்காது என்றாகிவிட்டது. தோசைக்கல்லில் நிற்கிறவன் நாக்கு இது, சும்மா சொல்லவில்லை.

அவன் ஊட்டியது அவனுடைய ஓய்வு நேரத்தில். ஹோட்டல் வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்த நேரத்தின் மதிப்பு தெரியும். மூன்றரைக்கு மேல் முதுகை நீட்டினால்தான் ராத்திரி பதினொன்று வரை நிற்கலாம். அதில்தான் எனக்கு அரைமணி நேரம்.

படுத்துக் கிடந்தபோது ஒன்று யோசித்தேன். ஊருக்கெல்லாம் சுடச்சுடத் தோசை வார்க்கிற நாம் சாப்பிடுவது அடி சாம்பாரும் ஆறிய சோறும், அதுவும் நின்றுகொண்டே, ஒரு கண் ஆர்டர் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு. என் கையில் ஒரு கிச்சன் பொறுப்பு வந்தால், சாயங்கால ரஷ் தொடங்கும் முன் அடுப்பைக் குறைத்து எல்லோரையும் உட்காரவைத்துச் சூடாகப் போடுவேன். வாஷிங் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் தட்டு. நடக்குமா, முதலாளி விடுவாரா என்று மாஸ்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், எழுதி வைத்துவிட்டேன்.

தம்பி இப்போது ஊரில் இருக்கிறான். ஜூன் நடுவில் அங்கே ரஜ பண்டிகை, மூன்று நாள், பெண்பிள்ளைகள் ஊஞ்சல் கட்டி ஆடுவார்களாம். அரிசி மாவில் தேங்காயும் வெல்லமும் போட்டுச் சுடுகிற போடோ பிட்டா கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. வந்ததும் கேஷியர் அக்காதான் இதைப் படித்துச் சொல்ல வேண்டும், என்னால் நேரில் சொல்ல வாய் வராது.

ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது. அவன் வருகிற ரயில் சென்ட்ரலுக்குக் காலையில் வருகிறது. நான் இன்னும் வண்டி ஓட்டக் கூடாது. அன்றைக்கு டிபன் ஷிப்ட் இல்லாதவர்கள் யாராவது பைக் எடுத்து வந்தால் நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். வருகிறபோது அவனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு மூன்று பேராக வர முடியாது, போலீஸ் பிடிப்பார்கள். அதனால் இரண்டு பைக்காகக் கிடைத்தால் நல்லது. பெட்ரோல் நான் போடுகிறேன்.