மருமகன் ரியாத் போகும் முன்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மருமகன் ஏசி வேலைக்கு ரியாத் கிளம்புவதையும், "அரபிகளோடு இவன் எப்படி ஒத்துப்போவான்" என்று அக்கா தூக்கமில்லாமல் கிடப்பதையும் எழுதியிருந்தாய். நீ கேட்டதைவிட நீளமாகவே எழுதுகிறேன். பையனுக்கும் படித்துக் காட்டு.

வளைகுடா போய்த் திரும்பியவர்கள் சொல்கிற சண்டைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு வகை பழக்கவழக்கம் தெரியாததால் வருவது; ஒரு வாரம் கவனித்தால் தீரும். இன்னொன்று தாளால் வருவது: விசா, இக்காமா என்கிற தங்கும் அனுமதி, ஒப்பந்தம். நம் ஆட்கள் இரண்டாவதையும் "அரபிக் குணம்" என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். குணம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் பரிகாரம் தேடுவதில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. மொட்டைமாடியில் நின்று பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்த்து வாங்கிய அடியை "கஃபீல் கொடுமை", அதாவது விசா கொடுத்த முதலாளியின் கொடுமை, என்று சொல்வதும் அதே அளவு தப்பு.

அவன் அன்றாடம் பார்க்கப்போகிறவர்களில் சவூதிக்காரர்கள் குறைவு. 2022 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் 3.22 கோடிப் பேர், அதில் 1.34 கோடிப் பேர் வெளிநாட்டவர். போர்மேன் மலையாளியாக இருப்பார், இன்ஜினியர் எகிப்துக்காரராகவோ ஜோர்தான்காரராகவோ இருப்பார், வண்டி ஓட்டுபவர் பாகிஸ்தானியாக இருப்பார். எகிப்துக்காரர் போட்ட சத்தமும் ஊருக்கு வந்து சேரும்போது "அரபி திட்டினான்" என்றுதான் வருகிறது. மண்ணின் மைந்தரை அவன் பார்ப்பது வாடிக்கையாளர் வீட்டிலும், போலீஸ் சோதனையிலும், ஜவாசாத் என்கிற பாஸ்போர்ட் அலுவலகத்திலும்தான். சவூதிக்காரருக்கும் அப்படியே. குழாய் மாற்ற வந்தவன், சாமான் கொண்டு வந்தவன் தவிர வேறு இந்தியனோடு அவர் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார். "ஷாயிஃப்னி ஹிந்தி?" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு, "என்னைப் பார்த்தால் இந்தியன் மாதிரி இருக்கிறதா?" என்று பொருள். ஏமாளி என்பதற்குப் பதிலாக நம் பெயர். நம் ஆட்கள் அறைக்குள் "காட்டரபி" என்கிறார்கள். இரண்டும் ஒரே இழிவுதான். அந்தச் சொல் பையன் வாயில் வரவே கூடாது.

இனி வீட்டு விஷயம். ஏசிக்காரன் வீட்டுக்குள் போகிறவன் என்பதால் இதுதான் அவனுக்கு மிக முக்கியம். கிளம்பும் முன்பே போன் செய்து, வீட்டில் ஆண் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மணி அடித்ததும் கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, தெருப்பக்கம் முகம் திருப்பி நிற்கட்டும். கதவு திறக்கும்போது பார்வை உள்ளே போய்விடக் கூடாது. பெண்குரல் கேட்டால் எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆண் வரும்வரை வெளியிலேயே இருக்க வேண்டும். நிறைய வீடுகளில் இரண்டு வாசல் உண்டு: ஆண் விருந்தினர் வரும் மஜ்லிஸ் வாசல், குடும்பத்தார் வாசல். எது என்று கேட்டுப் போவது நல்லது. உள்ளே அறை மாறும்போது வீட்டுக்காரர் முன்னால் போய் "தரீக், தரீக்" என்று குரல் கொடுப்பார். வழி, வழி என்று பொருள். பெண்கள் ஒதுங்கிக்கொள்வதற்கான அறிவிப்பு. அவர் கைகாட்டிய பிறகே இவன் அடியெடுத்து வைக்க வேண்டும். ஸ்பேனரை மறந்துவிட்டோம் என்று தனியாக உள்ளே திரும்பி ஓடும்போதுதான் ரசாபாசம் ஆகும். அதனால் கருவிப்பையை முதலிலேயே சரிபார்த்து எடுத்துப் போகச் சொல்.

வெளி யூனிட் பெரும்பாலும் மொட்டைமாடியில் இருக்கும். அங்கே கைப்பிடிச் சுவரை ஆளுயரத்துக்கு எழுப்பியிருப்பதே ஒரு வீட்டு முற்றம் இன்னொரு வீட்டுக் கண்ணில் படக் கூடாது என்றுதான். ஏணி போட்டுத் தலை தெரிய நிற்க வேண்டிய வேலை என்றால், வீட்டுக்காரர் மூலமாகப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு ஏற வேண்டும். கம்ப்ரசர் தகட்டைப் படமெடுத்து போர்மேனுக்கு அனுப்புவது இந்தத் தொழிலில் அன்றாடம். கேட்டுவிட்டு, தகடு மட்டும் தெரிய நெருங்கி எடுத்து, எடுத்ததை அவரிடமே காட்டிவிடட்டும். 2007-இல் வந்த இணையக் குற்றச் சட்டத்தில், கேமரா போனை வைத்து ஒருவர் அந்தரங்கத்தில் புகுந்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரியால் வரை அபராதம். அடுத்தவர் வீட்டில் நின்று ரீல்ஸ் எடுக்கிற பழக்கம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே விட்டுவிடச் சொல்.

பேச்சுக்கு வருகிறேன். முதல் மாதத்தில் அவன் கற்றுக்கொள்ளப்போவது அரபியே அல்ல. மாஃபி (இல்லை), ஜீப் (கொண்டுவா), ரூஹ் (போ), ஷுவைய (கொஞ்சம்), ஸேம் ஸேம் என்று அரபியும் உருதும் ஆங்கிலமும் கலந்த ஒரு வேலைப்பேச்சு. சவூதிக்காரரும் நம்மவரிடம் அதையேதான் பேசுவார். அதில் "கொண்டுவா", "போ" உண்டு. "வாங்க", "போங்க" கிடையாது. இவனுக்கு அவர் நாயை விரட்டுவது போலப் பேசுகிறார் என்று தோன்றும். இவன் பேசுவதும் அவருக்கு அப்படித்தான் கேட்கும். "நீ" என்பதற்கு ஆணிடம் "இன்த்த", பெண்ணிடம் "இன்த்தி" என்பதைக்கூட அந்தப் பேச்சு கலந்துகட்டிவிடும். தாடி நரைத்த பெரியவரை "இன்த்தி" என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

அதிகம் சண்டை இழுக்கும் சொல் "மாஃபி முஷ்கில்". "கவலைப்படாதீங்க, பார்த்துக்கிறேன்" என்ற பொருளில் நம் ஆள் சொல்வான். ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்ட வீட்டுக்காரருக்கு அது "பழுது ஒன்றும் இல்லை" என்று கேட்கும். காசு கொடுத்து, மூன்றாம் நாள் மறுபடி சூடு வந்தால் "பொய் சொன்னான்" என்றாகிவிடும். அதற்குப் பதில் என்ன செய்யப்போகிறான், எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டையும் சொல்லப் பழகட்டும். கேஸ் அளவு குறைவாக இருந்தால், மீட்டரையே அவர் கண்ணுக்குக் காட்டிவிட்டால் பேச்சே தேவையில்லை. "கல்லி வல்லி" என்பதை வாடிக்கையாளர் முன்னால் சொல்லவே கூடாது. "போனால் தொலையட்டும்" என்ற உதாசீனம் அதில் இருக்கிறது.

"அஸருக்குப் பிறகு வா" என்றால் நான்கு மணி என்று கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிற்பகலில் வரும் அஸர் தொழுகைக்கும் சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் என்று பொருள், தொழுகை நேரமும் சூரியனைப் பார்த்து மாதாமாதம் நகரும். "இன்ஷா அல்லாஹ்" என்றால் மறுப்பு என்று நம்மவர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாளும் நேரமும் சேர்த்துச் சொன்னால் அது வாக்கு. எதுவும் சேராமல் வந்தால்தான் மறுபடி கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஐந்து விரல் நுனியையும் குவித்து மேல்நோக்கிக் காட்டுவார்கள். நம்மவருக்கு அது "என்னடா?" என்று மிரட்டுவது போலப் படும். அங்கே அது "பொறு" என்று சொல்வது, அவ்வளவுதான். நம் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்று பிடிபடாது, வாயால் சொல்லிவிடச் சொல்.

நான்கு சொல்லை மட்டும் நல்ல அரபியில் கற்றுக்கொண்டு போகட்டும். "லவ் ஸமஹ்த்" என்றால் தயவுசெய்து. வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்து "யஅத்தீக் அல்ஆஃபியா" என்பார்கள், இறைவன் உனக்கு உடல்நலம் தரட்டும் என்று. "அல்லாஹ் யஆஃபீக்" என்பது பதில். வயதானவரை "யா அம்" என்று அழைக்கலாம். நம்மைப் போலவே அவர்களுக்கும் அப்பாவோடு பிறந்தவருக்கு "அம்", அம்மாவோடு பிறந்தவருக்கு "கால்" என்று வேறு வேறு சொல். இங்கிலீஷ்காரருக்குப் புரியாத இந்த வித்தியாசம் அக்கா பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும். பழகிய பிறகு மூத்த மகன் பெயரைச் சேர்த்து "அபூ ஃபஹத்" என்பது போல அழைத்தால் அது பெரிய மரியாதை. மனைவி எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "வீட்டில் எல்லோரும் நலமா" என்று கேட்பதோடு சரி.

கஹ்வா என்கிற அரபிக் காப்பி கொடுத்தால் வலது கையால் வாங்க வேண்டும். சின்னக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம், நிரப்பி ஊற்றுவதுதான் அங்கே அவமரியாதை. காலியானதும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை இலேசாக இருபுறமும் ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் கிண்ணத்தையே மறுப்பது அவர்களை வருத்தும். உட்காரும்போது உள்ளங்கால் எதிரே இருப்பவரைப் பார்க்கக் கூடாது.

கைலி அறைக்குள் மட்டும். நீளங்கிக்கு உள்ளே ஆண்கள் இடுப்பில் சுற்றும் துணி வளைகுடாவில் பல இடங்களில் பார்ப்பதற்கு நம் கைலி மாதிரியே இருக்கும். கைலியோடு கடைக்குப் போகிறவன் அவர்கள் கண்ணுக்கு உள்ளாடையோடு தெருவில் நடக்கிறவன்.

நோன்பு மாதத்தில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவனுக்கே தெரிந்திருக்கும். தெரியாதது வேறு. சவூதிச் சட்டப்படி முஸ்லிம் தொழிலாளிக்கு அந்த மாதம் நாளுக்கு 6 மணி நேரம்தான் வேலை, மற்றவர்களுக்கு வழக்கமான 8. அறைக்குள்ளேயே இதனால் முணுமுணுப்பு வரும், அதில் அவன் தலையிட வேண்டாம். நோன்பு திறக்கும் முன் கடைசி ஒரு மணி நேரத்தில் எந்த வீட்டுக்கும் வேலை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்குவது தடை, மொட்டைமாடியும் வெயில்தான். "இப்பவே ஏறு" என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால், அந்த நேரத்தில் உள் யூனிட்டைக் கழுவுகிறேன், மூன்று மணிக்கு மேலே போகிறேன் என்று சொல்லலாம்.

இப்போது தாள். கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைப்பது அங்கே சட்டவிரோதம், ஆனாலும் நடக்கிறது. முதலாளி பக்கத்துக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் செலவு, இக்காமா, வேலை அனுமதி, கடைசியில் ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் சட்டப்படி அவர் தலையில். 2020 முதல் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் ஒரு வெளிநாட்டு ஆளுக்கு மாதம் 700 அல்லது 800 ரியால் அரசுக்குக் கட்டுகின்றன. ஆள் ஓடிவிட்டால் நஷ்டம் என்ற பயத்தில் கடவுச்சீட்டைப் பிடிக்கிறார்கள். அதனால் அது நியாயமாகிவிடாது. ஆனால் அவர் பயத்தைத் தெரிந்து பேசினால், "நகல் வைத்துக்கொள்ளுங்கள், அசல் என்னிடம் இருக்கட்டும்" என்று முகம் முறியாமல் கேட்கலாம்.

இக்காமா கைக்கு வந்ததும் முதல் வேலை, தன் பெயரிலேயே கைரேகை வைத்து சிம் வாங்குவது. நண்பன் சிம்மோ கம்பெனி சிம்மோ இருந்தால் அப்ஷிர் என்கிற அரசு இணையச் சேவையில் கணக்கு இவன் கைக்கு வராது. அடுத்து கீவா என்கிற அரசுத் தொழிலாளர் இணையதளத்தில் ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்து, சம்பளமும் தொழில் பெயரும் சொன்னபடி இருந்தால் மட்டும் ஒப்புதல் தர வேண்டும். அரபியில் இருப்பதுதான் செல்லும், தமிழிலோ ஆங்கிலத்திலோ ஏஜென்ட் எழுதிக் கொடுத்தது செல்லாது. 2021 மார்ச் 14 முதல், ஓராண்டு முடித்த தொழிலாளி முதலாளி சம்மதமில்லாமலே முறைப்படி வேறு கம்பெனிக்கு மாறலாம். வீட்டு டிரைவர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், மேய்ப்பர் ஆகியோருக்கு இந்தச் சலுகை இல்லை. சம்பளம் வராவிட்டால் கோபித்துக்கொண்டு அறையை விட்டுக் கிளம்பக் கூடாது. ஓடிவிட்டான் என்று கம்பெனி பதிந்துவிட்டால் இவன்தான் குற்றவாளி. முதலில் 19911-க்கு அழைத்துப் புகார் பதிய வேண்டும். அங்கே சமரசப் பிரிவு, அது முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம்.

"ஃப்ரீ விசா" என்று ஏஜென்ட் சொன்னால் அந்தப் பேச்சையே முறித்துவிடு. அப்படி ஒரு விசா சட்டத்தில் கிடையாது. ஒருவர் பெயரில் விசா அடித்து, வெளியே எங்கோ வேலை செய்து, மாதாமாதம் அவருக்குக் காசு கட்டுகிற ஏற்பாடு அது. சவூதிக்காரர் பெயரில் உரிமம் எடுத்து வெளிநாட்டவர் கடை நடத்துவதற்கு 2020 சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம். அங்கே உள்ள இளைஞர்களுக்கு நம்மவர் மீதுள்ள மனக்கசப்பில் பெரும்பங்கு இதுதான். தங்கள் ஊர்க் கடைகளில் தங்களுக்கே இடமில்லை என்பது அவர்கள் ஆதங்கம். 2016-இல் செல்போன் கடை வேலைகளை முழுக்கச் சவூதிக்காரருக்கு ஒதுக்கியபோது அதை அவர்கள் கொண்டாடியதற்கும் இதுவே காரணம். அதனால் கூட வேலை கற்க ஒரு சவூதிப் பையனைச் சேர்த்தால், இவன் தொழிலை ஒளிக்காமல் சொல்லிக் கொடுக்கட்டும். ஒளித்தால் அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

பெட்டியில் கசகசா வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாத்திரை கூடாது. தாயத்து, மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம் எதுவும் வேண்டாம். சூனியம் அங்கே கடுங்குற்றம், தாயின் வேண்டுதல் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18% ஜிஎஸ்டியும்தான். ஏசி மெக்கானிக் என்ற தொழிலுக்கு விசா என்றால் போகும் முன் தக்காமுல் என்கிற சவூதித் திறன் சோதனை எழுத வேண்டும். சோதனையே வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னால் விசாவில் வேறு தொழில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள். விசா தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. தொழில் பெயரைப் படித்துச் சொல்கிறேன். அதுவரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் இப்ராஹிம்