சோறு வைப்பதோடு முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம். தெருப் பூனைகளை முன்னிட்டு எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்தி ஆறு மாதங்கள் ஆகின்றன. ஒருவர் அவற்றுக்கு உணவு வைக்கிறார். மற்றவரின் வாசலை அவை அசுத்தம் செய்கின்றன, இரவெல்லாம் கத்துகின்றன. இருவர் மனத்தாங்கலும் எனக்குப் புரிகிறது. ஆனால் பூனைகளைச் சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவிடலாம் என்ற பேச்சைக் கேட்கவே நெஞ்சு பதறுகிறது. பெரும்பாலும் அதனால் பயனும் இராது. காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்து சேரும்.

பெண் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினைப்படக்கூடும். ஏறக்குறைய 65 நாட்களில் குட்டி போடும். ஆகவே, உணவு வைப்பவர்கள் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பொறுப்பேற்க வேண்டும். கருத்தடை செய்த பூனைக்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது நறுக்கி, எங்கிருந்து பிடித்தார்களோ அங்கேயே விடுவார்கள். அதன்பின் இரவுச் சண்டையும் ஆண் பூனைகள் சிறுநீர் பீய்ச்சுவதும் வெகுவாகக் குறையும். வைத்த தட்டையும் அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாமே!

எதிர்க்கும் வீட்டாரிடம் ஒரே வேண்டுகோள்: கருத்தடைச் செலவில் ஒரு பங்கைக் கொடுங்கள். உங்கள் தூக்கமும் அதில்தான் இருக்கிறது.

- ஒரு வாசகி