ஏற்காடு மலைப்பாதையில் துணைக்கு வந்த அண்ணனுக்கு நன்றி

நான் வெளிநாட்டில் படிப்பது கடற்கரை ஊரில்தான். இருந்தாலும் லீவில் சேலம் வந்ததும் நண்பர்களோடு ஏற்காடு போகத்தான் ஆசைப்பட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏரிக்கரை, பகோடா பாயிண்ட், சூடான மிளகாய் பஜ்ஜி என்று நிம்மதியாகக் கழிந்தன.

இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, பைக்கின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. இருட்டு வேறு. ஜீப்பை ஓரங்கட்டி வந்தீர்கள் அண்ணா. "பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா இப்படித்தான் ஆகும் தம்பி. நல்லா ஆற விடுங்க, அப்புறம் ரெண்டாவது கியர்லயே இறங்குங்க" என்றீர்கள். சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. ஆறும்வரை கூடவே நின்றீர்கள். அடிவாரம் வரை பின்னாலேயே வெளிச்சம் காட்டி வந்தீர்கள். டீ குடிக்கக் கூப்பிடலாம் என்று திரும்பினால் ஜீப்பைக் காணோம். பேர்கூடக் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், கண் கலங்கிவிட்டார். மனமார்ந்த நன்றி அண்ணா.