ஆழ்கடலில் துளை போடும் முன் புயல் திட்டத்தைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரிக்கடலில் எண்ணெய், எரிவாயு தேடுவது பற்றியும் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் (அணுசக்தித் தொழிலுக்கு வேண்டிய கனிமம் கலந்த கடற்கரை மணல்) எடுப்பது பற்றியும் உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. மீன்வளம் என்ன ஆகும், கதிர்வீச்சு கூடுமா, வேலை உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்குமா என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் புயல் வந்தால் இந்த வேலைகளை யார், எந்த நேரத்தில், எப்படி நிறுத்துவார்கள் என்ற கேள்வி மட்டும் என் காதில் விழவே இல்லை. ஒக்கி புயலைப் பார்த்த கன்னியாகுமரி மாவட்டம் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

நான் குளச்சல் பக்கம் சின்னதாக ஒரு ஐஸ் பிளாண்ட் நடத்துகிறேன். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் பலர் கடலிலிருந்து திரும்பாமல் போனதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டாம். அதோடு சேர்ந்து நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். ரப்பர் மரங்களும் தென்னைகளும் லைன் மேல் விழுந்து, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, மாவட்டமே இருட்டில் கிடந்தது. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. மோட்டார் ஓடாததால் குடிதண்ணீர் இல்லை, செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஐஸ் உருகியது எனக்குப் பெரிய விஷயமில்லை. கடலில் இருக்கும் மகனைப் பற்றி விசாரிக்க ஒரு போன் செய்வதற்குச் சார்ஜ் போட இடம் தேடி பிளாண்டுக்கு வந்த தாய்மார்களுக்கு, ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்த பிறகு என்ன பதில் சொல்வது?

அப்போது பலர் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் இருக்கிறது, நாட்டின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று, சுமார் 1,500 மெகாவாட் திறன். மேலே மலையில் கோதையாறு நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் ஏன் மெழுகுவர்த்தி தேடினோம்? விஷயம் என்னவென்றால், இங்குள்ள காற்றாலைகள் மின்தொகுப்போடு சேர்ந்து ஓடும்படி அமைந்தவை. லைன் செத்தால் அவையும் தானாக நின்றுவிடும். காற்று மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டரைத் தாண்டினாலும், இயந்திரம் கெடாமல் இருக்கப் பெரும்பாலான காற்றாலைகள் நின்றுகொள்ளும். ஆக, எத்தனை காற்றாலை நட்டாலும் வீட்டு வாசலில் இருக்கும் போஸ்ட் நின்றால்தான் வெளிச்சம்.

ஒக்கிக்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2017 செப்டம்பர் 20ஆம் தேதி, மரியா புயல் கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் மின்தொகுப்பை முழுவதுமாகச் சாய்த்தது. எல்லா வீட்டுக்கும் கரண்ட் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது. 2021 ஆகஸ்டில் ஐடா புயல் வந்தபோது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குள் வரும் 8 உயரழுத்த மின்தடங்களும் ஒன்று விடாமல் அறுந்தன. பணக்கார நாட்டிலேயே இப்படி.

கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் இடத்துக்கு வருவோம், என் பயம் அங்கேதான் அதிகம். மெக்சிகோ வளைகுடாவில் 2005ஆம் ஆண்டு கத்ரினா, ரீட்டா என்ற இரண்டு புயல்களும் சேர்ந்து 113 எண்ணெய் மேடைகளை அழித்தன. நூறு வருடத்துக்குப் பக்கமாக எண்ணெய்த் தொழிலில் ஊறிய பகுதி அது. அதற்கு முந்தைய வருடம், 2004 செப்டம்பரில், ஐவன் புயலின் அலைகள் லூசியானா கரைக்கு எதிரே கடலடிச் சேற்றைச் சரியவைத்ததில் டெய்லர் எனர்ஜி என்ற கம்பெனியின் மேடை கவிழ்ந்து, எண்ணெய்க் கிணறுகள் சேற்றுக்கு அடியில் புதைந்தன. அன்று தொடங்கிய கசிவைப் பிடித்துச் சேகரிக்க ஓர் அமைப்பைப் பொருத்தியதே 2019இல்தான். நம் கடலடியும் அதே மாதிரி சேறு என்று நான் சொல்லவில்லை. இங்கே கடலடி எப்படி, பெரிய அலையில் அது நகருமா, நகர்ந்தால் கிணற்றை யார் மூடுவார்கள், அதுவரை வலை போட முடியாதவர்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அமெரிக்காவை விடுங்கள், நம் நாட்டுக்கே வருவோம். 2021 மே மாதம் டவ்தே புயல் அரபிக்கடலில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வானிலைத் துறை சில நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்துவிட்டது. அப்படியிருந்தும் மும்பை ஹை எண்ணெய் வயலில் 261 பேரோடு நின்ற பி-305 என்ற பார்ஜ், அதாவது தொழிலாளர்கள் தங்கும் மிதவைக் கலம், பத்திரமான இடத்துக்குப் போகவில்லை. நங்கூரம் அறுந்து, மேடையில் மோதி, மே 17ஆம் தேதி மூழ்கியது. அந்தப் பார்ஜிலும் வரப்பிரதா என்ற இழுவைப்படகிலுமாக 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெல்டர், பிட்டர், சமையல்காரர் என்று கூலிக்குப் போன பிள்ளைகள். ஒக்கியில் நம் ஆட்கள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க, போய்விட்டார்கள், நடுக்கடலில் அவர்களுக்குச் செய்தி சொல்ல வழி இல்லாமல் போனது. டவ்தேயில் செய்தி கையில் இருந்தும் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவரவில்லை. நாளை குமரிக்கடலில் மேடை வந்தால் அதில் வேலைக்குப் போகப்போவதும் நம் மாவட்டத்துப் பையன்கள்தான். அவர்களைக் கரைக்குக் கூப்பிடும் அதிகாரம் யார் கையில் இருக்கும்? கம்பெனி மேனேஜர் கையிலா, துறைமுக அதிகாரி கையிலா, கலெக்டர் கையிலா?

மெக்சிகோ வளைகுடாவில் புயல் நெருங்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் அவசியமில்லாத ஆட்களை ஹெலிகாப்டரில் கரைக்கு அனுப்புகிறார்கள், பிறகு கிணற்று வால்வுகளை மூடி மீதிப் பேரும் இறங்குகிறார்கள். எத்தனை மேடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், உற்பத்தியில் எவ்வளவு நின்றிருக்கிறது என்று அரசு அமைப்பே தினமும் வெளியிடுகிறது. ஐடா சமயத்தில் அங்கே எண்ணெய் உற்பத்தி 95 சதவீதத்துக்கு மேல் நிறுத்தப்பட்டது. அத்தனை கோடி நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டுதான் நிறுத்தினார்கள். இந்த நல்ல பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவரலாமே.

மணல் விஷயம் வேறு மாதிரி. மணவாளக்குறிச்சியில் நூறு வருடத்துக்கும் மேலாகக் கருமணல் எடுக்கிறார்கள், இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் நமக்குப் பழகிய பெயர்கள். ஆனால் கடற்கரை மேடு என்பது வெறும் மண் குவியல் இல்லை. அடம்புக்கொடியும் ராவணன் மீசையும் வேரால் பிடித்து வைத்திருக்கும் மணல்தான் பெரிய அலை வரும்போது ஊருக்கு முன்னால் நிற்கிறது. தோண்டி, கனிமத்தைப் பிரித்துவிட்டு, மீதியைத் திரும்பக் கொட்டினால் குழி நிரம்பும், சரி. அந்தப் பிடிமானம் திரும்ப எத்தனை வருடம் ஆகும்? அதற்குள் ஒரு புயலோ, திடீரென்று பெரிய அலை கரையேறும் கள்ளக்கடலோ வந்தால்? பிரித்து வைத்த கனிமக் குவியல்களில் வெள்ளம் ஏறினால் அது எந்தக் குளத்துக்குப் போகும்? இது கற்பனை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியதையும் மீனவர்கள் வாளியில் அதை அள்ளியதையும் டிவியில் எல்லாரும் பார்த்தோம்.

கூடங்குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் டர்க்கி பாயின்ட் அணுமின் நிலையத்துக்கு மேலேயே கடந்தது. உலைகளை முன்கூட்டியே நிறுத்தியிருந்தார்கள். ஆனால் நிறுத்திய உலையையும் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும், வெளி மின்சாரமோ 5 நாளுக்கு மேல் இல்லை. டீசல் ஜெனரேட்டர்கள்தான் காப்பாற்றின. கூடங்குளத்தில் இதற்கான ஏற்பாடு இருக்கும், இருக்க வேண்டும். ஆனால் ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கும் அந்த நாட்களில் டீசல் எந்த வழியாக வரும், பக்கத்து ஊர்களுக்கு யார் செய்தி சொல்வார்கள் என்று எளிய தமிழில் மக்களுக்கும் தெரியப்படுத்தலாமே.

கிள்ளியூர் மணல் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மறுபடி தேதி வந்தால், சுற்றுச்சூழல் அறிக்கையோடு ஒரு தனிப் புயல் திட்டமும் தமிழில், கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் தேவாலயப் பங்குப்பேரவையிலும் கிடைக்க வேண்டும். ஆழ்கடல் எண்ணெய்த் திட்டத்துக்கும் அப்படியே. எந்த எச்சரிக்கைக்கு வேலை நிற்கும், யார் கையெழுத்தில் நிற்கும், நஷ்டஈட்டுப் பணம் முன்கூட்டியே எந்தக் கணக்கில் இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மின்சாரத்துக்கு நான் கேட்பது இன்னும் சின்னது: ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், துறைமுகம், செல்போன் டவர் இவற்றுக்குப் போகும் லைன்களையாவது முதலில் பூமிக்கடியில் கொண்டுபோங்கள். உங்கள் நிருபர்கள் அடுத்த முறை அதிகாரிகளைச் சந்திக்கும்போது இந்தப் புயல் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா இல்லையா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஐஸ் பிளாண்ட் நடத்தும் வாசகர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.