எங்கள் வளவுக்கும் ஒரு ரஞ்சி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வளவின், அதாவது நகரத்தார் பூர்வீக வீட்டின், நிலைக்கதவு லாரியில் ஏறியது. பர்மாத் தேக்கு, மேலே கஜலட்சுமி செதுக்கிய நிலை. எட்டு பேர் கயிறு கட்டித் தூக்கினார்கள். காரைக்குடியில் பழைய சாமான் கடைக்குப் போகிறது என்றார் டிரைவர். தூணும் உத்தரமும் அதற்கு முந்தின வாரமே போய்விட்டன. இனி சுண்ணாம்புச் சுவர் மட்டும்தான், அதுவும் அடுத்த ஐப்பசி மழை வரைக்கும். அந்த வீட்டில் நாற்பது புள்ளிக்கு மேல் பங்கு உண்டு; கல்யாணமான ஒவ்வொரு பங்காளியின் குடும்பமும் ஒரு புள்ளி. லாரி நின்ற அன்று தெருவில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்தோனேசியாவில் ஒரு சின்ன ஊரில் நான் பார்த்த 'ரஞ்சி' என்கிற ஒரு குடும்பக் கொடிவழிக் காகிதம் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோலாலம்பூரில் 19 வருஷம் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே பக்கத்து மேசை நண்பர் மேற்குச் சுமத்ராக்காரர், மினாங்கபாவ் இனத்தவர். 2023 ஆகஸ்டில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம், வந்தே ஆக வேண்டும் என்றார். சுமத்ரா எனக்குப் புதுப் பெயர் இல்லை. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, மேடானுக்குக் கொண்டுவிக்க, கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். பெட்டியடிப் பையனாகப் போய் மேலாளாகத் திரும்பினார். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், 1088-லேயே, அந்தத் தீவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. சரி, ஐயா கால் வைத்த மண்ணை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பாடாங். விமான நிலையத்திலேயே விசா கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து லட்சம் ருப்பியா, நம் பணத்தில் அப்போது 2,700 ரூபாய் சுமார். பாடாங்கிலிருந்து மலைக்குப் போக ஏழெட்டுப் பேர் ஏறுகிற வண்டி உண்டு, அதற்குப் பெயரே 'டிராவல்'. வீட்டு வாசலில் வந்து ஏற்றி, போகிற இடத்தின் வாசலில் இறக்கிவிடும். வழியில் லெம்பா ஆனாய் என்ற இடத்தில் அருவி கிட்டத்தட்ட ரோட்டின் மேலேயே விழுகிறது, கண்ணாடியை ஏற்றாவிட்டால் சட்டை நனையும். மூன்று மணி நேரத்துக்கு மேல் வளைவு வளைவாக ஏறி, தானா டத்தார் மாவட்டத்தில் பத்துசங்காருக்குக் கொஞ்சம் தள்ளி இறங்கினேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் மோட்டார் சைக்கிள்தான். ஓட்டுகிற பையன் என் பெட்டியைத் தன் முன்னால் வைத்துக்கொண்டான். அதற்கு அங்கேயும் 'பெட்டி'தான். கடைக்கு, கேட்டுப் பாருங்கள், 'கடாய்' என்கிறார்கள்.

போன மறுநாள் காலையிலேயே என் பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு நண்பர் நகாரி அலுவலகத்துக்குப் போனார். வெளியாள் யார் வந்து தங்கினாலும் ஒரு நாளுக்குள் ஊர் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம். ஊரை அங்கே நகாரி என்கிறார்கள். 1979-இல் வந்த சட்டம் நாடு முழுக்க ஒரே மாதிரி கிராம நிர்வாகம் என்று சொல்லி நகாரிகளைப் பல துண்டாக வெட்டிப்போட்டது. 2000-க்குப் பிறகு போராடித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தலைவருக்கு வாலி நகாரி என்று பெயர். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி இலையை வாட்டிக் கொதிக்க வைத்த கஷாயத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தார். டச்சுக்காரர்கள் கொட்டையை எல்லாம் வாரிக்கொண்டு போன காலத்தில் இலையைக் குடிக்கப் பழகியது, இன்னும் விடவில்லை. நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று நண்பர் முன்பே சொல்லி வைத்திருந்ததால், தங்கின பன்னிரண்டு நாளும் எனக்கென்று மீனும் தேங்காய்ப்பால் விட்ட பலாக்காய்க் குழம்பும் தனிச்சட்டியில் வந்தன.

ஆகஸ்ட் 17 அவர்கள் சுதந்திர தினம். பள்ளி மைதானத்தில் எண்ணெய் தடவிய மரம் நட்டு, உச்சியில் சைக்கிளும் வாளியும் கட்டி, பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். நம் ஊர் வழுக்கு மரமேதான். அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி ஜோடி மாடு ஓட்டினார்கள். ஓட்டுகிறவன் சேற்றில் வழுக்கிக்கொண்டே மாட்டு வாலைக் கடிக்கிறான், வலி தாங்காமல் மாடு பறக்கிறது. கோணாமல் நேராக ஓடுகிற ஜோடிக்குச் சந்தையில் விலை ஏறும். சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவன் நான். சேறு தலையில் அடித்தும் நகர மனசு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மினாங்கபாவ் மக்களிடம் குடும்பச் சொத்து பெண் வழியில் போகிறது. வீடு, வயல், எல்லாம் அம்மாவிடமிருந்து மகளுக்கு. பெரிய வீட்டில் நீளக் கூடம், அதன் பின்பக்கம் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகளுக்கும் ஓர் அறை, கதவுக்குத் திரை. நம் வளவில் முற்றத்தைச் சுற்றிப் புள்ளிக்கு ஒன்றாக இரட்டை அறை இருக்கிறதே, அதே கணக்கு, மகனுக்குப் பதில் மகள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவார். முற்காலத்தில் வயசுப் பையன்களுக்கு அந்த வீட்டில் படுக்க இடமே கிடையாது, தொழுகைக் கூடத்தில்தான் தூங்குவார்களாம். அப்புறம் பிழைக்க வெளியூர் கிளம்பிவிடுவார்கள். அதற்கு 'மெரந்தாவ்' என்று பெயர். கொண்டுவிக்கப் போகிறது என்று நாம் சொல்வதை அவர்களுக்கு விளக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆண் வெளியே போனாலும் பொறுப்பு போகாது. அக்கா தங்கை பிள்ளைகளுக்குத் தாய்மாமன்தான் காவல். சொத்தைப் பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான், ஆனால் சொத்து அவருடையது இல்லை. அந்தப் பூர்வீகச் சொத்தை விற்கக் கூடாது என்பது மரபு. அடமானம் வைக்கலாம், அதுவும் நான்கே காரணத்துக்கு: வீட்டில் பிணம் கிடந்து அடக்கம் செய்யப் பணம் இல்லாவிட்டால், பெரிய வீடு ஒழுகினால், வயசு வந்த பெண்ணுக்குக் கல்யாணம் தடைபட்டு நின்றால், குலத்தலைவர் பட்டம் ஆளில்லாமல் கிடந்து அதைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தால். நண்பர் விரல் மடக்கிச் சொன்னபோது இரண்டாவதில் நிறுத்தி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். வீடு ஒழுகுவதைச் சாவுக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறார்கள்!

ஊர் திரும்பியதும் என் மகன், அங்கே ஒரு காணி வாங்கிப் போடலாமா என்று கேட்டான். முடியாது. 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டார் குறிப்பிட்ட வருஷங்களுக்குப் பயன்படுத்தும் உரிமைதான் பெறலாம். உள்ளூர்க்காரர் பெயரில் பினாமியாக வாங்கினால் அந்த ஒப்பந்தமே செல்லாது. பணம் இழந்த வெளிநாட்டார் கதை ஊருக்கு ஊர் உண்டு.

அந்தக் காகிதம் நான் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி வெளியே வந்தது. நண்பரின் அக்கா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்ததைக் கூடத்துப் பாயில் விரித்தார். அதுதான் ரஞ்சி. மேலே ஒரு பாட்டி பெயர். அவருக்குக் கீழே பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே பேரன் பேத்தி. அடியில் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லோர் கையெழுத்தும், நகாரியின் மரபுச் சபை முத்திரையும். நிலத்துக்குச் சான்றிதழ் வாங்கப் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். இதில் பெயர் இல்லாதவன் வந்து பங்கு பேச முடியாது. பெயர் இருக்கிறவர் ஒப்பாமல் மற்றவர்கள் வயலை அடமானம் வைக்கவும் முடியாது.

நண்பர் தன் பெயரைக் காட்டினார். அதற்குக் கீழே கோடு இல்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள், ஆனால் அவர்கள் மனைவி வீட்டு ரஞ்சியில் இருக்கிறார்கள். அக்காவின் பெயருக்குக் கீழே கோடுகள் விரிந்து, புதுப்பெண் பெயர் வரை வந்திருந்தன. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எழுதின மை, மற்றதைவிட நீலமாக இருந்தது.

எனக்கு என்னுடன் பிறந்த ஆச்சி, அதாவது என் அக்கா, நினைவு வந்துவிட்டது. கல்யாணமாகி ஆறாவது வருஷம் அத்தான் தவறிப்போக, ஆச்சி எங்கள் பூர்வீக வீட்டுக்கே வந்துவிட்டார். முப்பத்தொரு வருஷம் தனியாக அந்த வீட்டில் இருந்தார். சாவி அவரிடம். ஓடு சரிந்தால் ஆள் கூப்பிட்டு மாற்றுவதும், முற்றத்துத் தண்ணீர் போகிற வழியைக் குச்சி விட்டு அடைப்பெடுப்பதும், முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கு முன்னால் நடுவீட்டைத் துடைத்து வைப்பதும் அவர்தான். பங்காளிகள் நாங்கள் இருபத்து நாலு புள்ளி கோலாலம்பூர், சென்னை, கோயம்புத்தூர் என்று இருந்துகொண்டு பொங்கலுக்கு வந்து ஆளுக்கொரு அடுப்பு வைத்துவிட்டுப் போனோம். வீட்டைப் பற்றிய எந்தப் பத்திரத்திலும், எந்த வரி ரசீதிலும் ஆச்சி பெயர் கிடையாது. 2018-இல் அவர் போனார். ஒரே வருஷத்தில் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் மழை இறங்கிவிட்டது.

சுமத்ராவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் பூட்டிக்கிடக்கிற பெரிய வீடுகளைப் பார்த்தேன். பனைநார்க் கூரை போய்த் தகரம் வந்துவிட்டது. பல வருஷமாக மீட்காத அடமான வயல்கள் இருக்கின்றன, பங்காளிச் சண்டையும் வழக்கும் இருக்கின்றன. ஆனால் யார் யார் என்பது எழுதி இருக்கிறது. நாம் இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதாமல் கல்யாணம் முடிக்காதவர்கள். மொய்ப்பண ஏட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பவர்கள். வீட்டுக்கு யார் யார் உரியவர் என்பதை மட்டும் பல வீடுகளில் எழுதவே இல்லை. அதனால்தான் யாரோ ஒரு பங்காளி மகனைச் சென்னையில் தேடிப் பிடித்துத் தரகர் அவர் பாகத்தை வாங்கிவிட்டால், மற்றவர்களுக்கு லாரி வந்த பிறகுதான் தெரிகிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. குடும்ப வீட்டில் ஒரு பாகத்தை வெளியார் வாங்கிக்கொண்டு பாகம் பிரிக்கக் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பாகத்தைக் கோர்ட் மதிப்பிடுகிற விலைக்குக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. கூட்டு வாரிசுகளில் ஒருவர் விற்கக் கிளம்பினால் மற்ற வாரிசுகள் முதலில் கேட்கிற உரிமை இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவில் இருக்கிறது. மகள்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-இலேயே வந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் அவர்களையும் சேர்த்தது. அப்பா 2005-க்கு முன்னால் இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்றே தெரியாதபோது எந்தப் பிரிவை யார் பயன்படுத்துவது?

நான் சுமத்ரா போய் வந்த அந்த 2023 டிசம்பரில் மராப்பி எரிமலை வெடித்து மலையேறப் போன 24 பேர் இறந்தார்கள். அந்த ஊருக்கு மேலே தெரிகிற மலைதான். பதறிப்போய் நண்பருக்கு போன் செய்தேன். சாம்பல் விழுந்திருக்கிறது, ஆளுக்கு ஒன்றும் இல்லை என்றார். அக்கா முதலில் எதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: தகரப் பெட்டியை.

அன்றைக்குத்தான் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி எங்கள் வளவுக்கு எழுத ஆரம்பித்தேன். மேலே வீடு கட்டின ஐயாவும் அவர் மனைவியும். பழைய பத்திரங்களில் ஐயா பெயர் மட்டும் இருக்கிறது. அந்த அம்மா பெயரைக் கண்டுபிடிக்கவே நாலு மாதம் ஆனது, கடைசியில் ஒரு பித்தளை அண்டாவின் விளிம்பில் வெட்டியிருந்தது கிடைத்தது. அதற்குக் கீழே மகன்களும் மகள்களும், உயிரோடு இருப்பவர் முகவரி, போன் நம்பர், வரி கட்டுகிறவர், சாவி வைத்திருப்பவர். இருபத்து நாலில் இருபத்திரண்டு புள்ளி சேர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி, ஒன்று ரங்கூன் வழி. இந்த மாசிப் படைப்புக்கு எல்லோரையும் கூட்டிக் கையெழுத்து வாங்குவதாக இருக்கிறேன். விற்பதானால் ஏட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு வரி அடியில் சேர்க்கப்போகிறோம். அதைப் பதிவு செய்ய முடியுமா, எந்த அளவுக்குச் செல்லும் என்று வக்கீலிடம் கேட்டு வருகிறேன்.

ஆச்சிக்குப் பிள்ளை இல்லை. அவர் பெயருக்குக் கீழே கோடு வராது. ஆனால் பெயர் இருக்கிறது, அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, பெயருக்கு நேர் கீழே, என் பெயருக்கு முன்னால்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன சட்டப் பிரிவுகளை எங்கள் வயசுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வழக்கறிஞரைக் கொண்டு ஞாயிறு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பொங்கலுக்கு முன்னால் வந்தால் நல்லது. அப்போதுதான் ஊருக்கு ஆள் வரும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
கண்டனூர், சிவகங்கை மாவட்டம்