புது டர்போ போட்ட வண்டியா? ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் வாங்குவோருக்குச் சொல்லப்படும் யோசனைகள் டயர், பெயின்ட், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. இன்று விற்பனைக்கு வரும் டீசல் கார்கள் ஏறக்குறைய எல்லாமே டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, வைத்தவை. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டிகளும் நிறைய வருகின்றன. இவற்றை வாங்கும்போது கூடுதலாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு.

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அதைத் தாங்கி நிற்பது இன்ஜின் ஆயிலின் மெல்லிய படலம். எனவே டர்போ தானாகக் கெடுவது குறைவு. காலத்தில் மாற்றாத ஆயில், அளவு குறைந்த ஆயில், மலிவுக்காக ஊற்றிய தப்பான கிரேடு இவைதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கின்றன. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா என்று பல வண்டிகளில் வந்த ஃபியட் 1.3 டீசல் இன்ஜினில் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் இதே ஆயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதனால் ஸ்பீடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட சர்வீஸ் பில்கள் முக்கியம். 10,000 கி.மீ.க்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில் வரிசையாக இருந்தால் ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியைக்கூட எடுக்கலாம். பில் இல்லாத அறுபதாயிரம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

வண்டி பார்க்கக் கிளம்பும் முன்பே, வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். கீ போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைத் துண்டித்திருக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் செயின் சில நொடிக்கு மேல் கலகலத்தால் அதுவே தனிச் செலவு.

இன்ஜின் சூடேறிய பின் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். நீலப் புகை குபுக்கென்று வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்தோ, கிளாம்ப் தளர்ந்தோ இருக்கலாம். அது சின்னச் செலவில் முடியும்.

இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிறு விசிறி தெரியும். இதழ்களின் நுனி மழுங்கியோ, பல்லுப்பல்லாகவோ இருந்தால் ஃபில்டர் இல்லாமலோ கிழிந்த ஃபில்டருடனோ மண் குடித்து ஓடிய வண்டி. ஷாஃப்ட் நுனியை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், அது இயல்பு. ஆனால் விசிறி சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு கைக்கே தெரியக் கூடாது. இன்டர்கூலர் ஹோஸினுள் ஆயில் ஈரம் இருப்பதில் தவறில்லை, தேங்கி நின்றால் தவறு.

"டர்போ புதுசு சார், போன மாசம்தான் மாத்தினோம்" என்பதைத் தகுதியாகச் சொல்லி விலை ஏற்றுவார்கள். எனக்கு அது எச்சரிக்கை. பழையது ஏன் போனது? ஆயில் வரும் பைப் கரி அடைத்துப் போயிருந்தால், பைப்பை மாற்றாமல் போட்ட புது டர்போவும் சீக்கிரமே போகும். இன்டர்கூலரைக் கழுவாமல் விட்டால் உடைந்த இதழின் துண்டுகளும் தேங்கிய ஆயிலும் இன்ஜினுக்குள் போகும். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் எரிந்த வாயு கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கி அங்கே அழுத்தம் கூடி, டர்போவிலிருந்து ஆயில் வடிய வழியிருக்காது. சீல் நன்றாக இருந்தாலும் கசியும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளுகிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். பில்லில் டர்போவோடு பைப், கேஸ்கெட், ஆயில், ஃபில்டர் எல்லாம் இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்க மேடான சாலை நல்லது. மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் இருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். 2,000-ஐ நெருங்கும்போது இழுவை சீராகக் கூட வேண்டும். சைரன் போல ஊளைச் சத்தம் கேட்டால் பேரிங் போகிறது. திடீரென்று இழுவை அறுந்து, அணைத்துப் போட்டால் சரியாகிறதென்றால், விஜிடி வகை டர்போவில், புகை வரும் வழியைக் கூட்டிக் குறைக்கும் அசையும் இதழ்கள் கரி படிந்து இறுகியிருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி 0299 வந்தால் டர்போ அழுத்தம் குறைவு, பி 0234 வந்தால் மிகை. கோட் எதுவும் இல்லையென்றால், கோட் அழித்தபின் ஓடிய தூரத்தையும் பாருங்கள்; பல ஸ்கேனர்கள் காட்டும். நேற்று அழித்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பின் பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசலில், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஊருக்குள்ளேயே ஓடி, புகை ஃபில்டர் தன்னில் சேர்ந்த கரியை எரித்து முடிக்காமல் போனால், அதை எரிக்கக் கூடுதலாகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கைத்தான் முதலில் தின்னும்.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைக் கண்ட சென்னைப் பதிவு வண்டியானால், முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இன்டர்கூலர் வைத்த மாடல்களில் அதன் இடுக்குகளில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கம்பளத்தையும் சீட்டையும் மாற்றிவிடுவார்கள், அந்த இடத்தைக் கழுவ மறந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
கோவை