‘மேப் தப்பு’ என்று மட்டும் எழுதினால் மேப் திருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேம்பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்போது ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்றது, குடியிருப்பின் பின்சுவருக்கு எதிரே நிறுத்தி ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்றது, கார் நுழையாத சந்துக்குள் அனுப்பியது என்று வரைபடச் செயலிகள் மீதான குறைகள் வாசகர் கடிதங்களில் ஓயாமல் வருகின்றன. குறைகள் நியாயமானவை. ஆனால் எல்லாவற்றுக்கும் ‘ஜிபிஎஸ் சரியில்லை’ என்று ஒரே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மேலே சொன்ன மூன்றில் ஜிபிஎஸ் மீது பழி போடக்கூடியது முதலாவது மட்டும்தான், அதிலும் பாதிப் பழிதான். வரைபடத் தரவைத் திருத்தும் வேலையில் இருப்பவர்களாக இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பிழை மூன்று இடங்களில் பிறக்கலாம். கைபேசி தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணிக்கலாம். வரைபடத்தில் சாலையே தவறாகப் பதிவாகியிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும், வழியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு சறுக்கலாம். மூன்றையும் திருத்துபவர்கள் வெவ்வேறு ஆட்கள். எது பிழை என்று தெரியாமல் அனுப்பும் புகார் தவறான மேசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இருப்பிடத்திலிருந்து தொடங்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும்; நான்காவது, கைபேசிக் கடிகாரத்தின் பிழையைக் கழிப்பதற்காக. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசி 5 மீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பயணத் தூரம் கூடிவிடுகிறது. திரையில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவுவது அதனால்தான். 2018-இலிருந்து சில கைபேசிகளில் ஜிபிஎஸ்ஸின் வழக்கமான எல்1 அலைவரிசையோடு எல்5 என்ற இன்னொரு அலைவரிசையும் வருகிறது. எல்5 சிக்னலின் குறியீடு பத்து மடங்கு வேகமாக மாறுவதால், நேரே வந்ததையும் எதிரொலித்து வந்ததையும் பிரித்தறிவது எளிது. கைபேசி வாங்கும்போது கேமராவின் மெகாபிக்சலைக் கேட்பவர்கள் இதையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் தெரியும். பலர் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். கைபேசி ‘நான் இதற்குள் எங்கோ இருக்கிறேன்’ என்று சொல்லும் எல்லை அது. அதுவும் முழு உறுதி இல்லை. ஆண்ட்ராய்டு தரும் துல்லிய அளவு 68 சதவீத உறுதிக்குரியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை உண்மையான இடம் வட்டத்துக்கு வெளியே இருக்கும். இதைவிட மோசம், வழிகாட்டும் திரைக்குப் போனதும் வட்டமே காணாமல் போய்விடுவது. செயலி நம்மைப் பக்கத்துச் சாலையோடு ஒட்டிவிட, அம்புக்குறி சாலையின் நட்டநடுவில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. சிக்னல் முழுக்க அறுந்தால்தான் செயலி வாய் திறக்கிறது. அரைகுறையாக இருக்கும்போது மௌனம். பிழை 20 மீட்டரைத் தாண்டினாலே அம்பு நிறம் மங்க வேண்டும், குரலும் ‘அடுத்த திருப்பத்தைப் பலகை பார்த்து உறுதி செய்யவும்’ என்று சொல்ல வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அந்த எண் செயலியின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் பக்கவாட்டில் பத்து மீட்டர்கூட விலகி இருப்பதில்லை. செயற்கைக்கோள் தரும் உயரக் கணக்கு பக்கவாட்டுக் கணக்கைவிட மோசமானது. காற்றழுத்த உணரி உள்ள கைபேசியில் சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைவதைக் காண முடியும். காரின் கண்ணாடியை இறக்கினாலும் அழுத்தம் ஆடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. வரைபடத்தில் உள்ள ஏற்றத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உணரி இல்லாத கைபேசிக்கு ‘மேலே, கீழே’ என்று ஒரு தட்டில் சொல்லும் பொத்தான் போதும். வைத்திருக்கும் செயலிகள் குறைவு.

பயனர் பக்கத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு. செயலிக்குக் கொடுத்த அனுமதியில் ‘துல்லியமான இருப்பிடம்’ அணைந்திருந்தால், எவ்வளவு நல்ல கைபேசியும் வட்டாரத்தை மட்டுமே காட்டும். பேட்டரி சேமிப்பு முறை, திரை அணைந்ததும் இருப்பிடத்தை நிறுத்திவிடக்கூடும். இணையம் இல்லாத இடத்தில் முதல் கணிப்புக்கு நேரம் பிடிக்கும். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் ஒலிபரப்புகிறது, ஒரு சுற்றுக்கு 30 நொடி. நடுவில் சிக்னல் மறைந்தால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். எனவே வண்டியைக் கிளப்பிக்கொண்டே தேடாமல், வானம் தெரியும் இடத்தில் ஓரிரு நிமிடம் நிற்பது நல்லது. நிற்கும்போது திசை மட்டும் தவறாகக் காட்டினால் அது திசைகாட்டியின் கோளாறு. காந்தம் வைத்த உறை, காந்தத் தாங்கி இரண்டையும் எடுத்துவிட்டு, கைபேசியை எட்டு வடிவில் சில தடவை சுழற்றினால் சரியாகும். வண்டி ஓடத் தொடங்கியபின் செயலி பெரும்பாலும் நகரும் திசையைக் கொண்டே கணிக்கும்.

இனி வரைபடம். எங்கள் அனுபவத்தில் நெடுங்காலம் கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும் பிழைகள் இங்கேதான். வரைபடத்தில் சாலை என்பது கோடு. சந்திப்பு என்பது இரண்டு கோடுகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே புள்ளி. கண்ணுக்கு இரண்டு கோடுகளும் தொடுவதுபோலத் தெரிந்தாலும், புள்ளி பொதுவாக இல்லாவிட்டால் வழிக் கணக்குக்கு அங்கே சந்திப்பே கிடையாது. மூன்று கிலோமீட்டர் சுற்றச் சொல்லும். இதற்கு நேர்மாறாக, பாலத்துக் கோடும் அடியில் போகும் சாலைக் கோடும் தவறுதலாக ஒரு புள்ளியைப் பகிர்ந்துகொண்டால், பாலத்தின் மேலிருந்தே கீழ்ச்சாலைக்குத் திரும்பச் சொல்லும். சோதிப்பது எளிது. சந்திப்புக்கு 20 மீட்டர் முன்பு ஒரு புள்ளி, திரும்பிய சாலையில் 20 மீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைத்து வழி கேளுங்கள். 40 மீட்டருக்குப் பதில் நீண்ட சுற்று வந்தால், ஒன்று இணைப்பு அறுந்திருக்கிறது, இல்லையென்றால் திருப்பத் தடை (இந்தச் சாலையிலிருந்து அந்தச் சாலைக்குத் திரும்பக் கூடாது என்ற குறிப்பு) பதிவாகியிருக்கிறது.

நடுத்திட்டு உள்ள சாலையும் இப்படித்தான். அதை ஒற்றைக் கோடாக வரைந்திருந்தால், செயலி திட்டைத் தாண்டித் திரும்பச் சொல்லும். இரண்டு ஒருவழிக் கோடுகளாகப் பிரித்து, திட்டில் உண்மையாகவே இடைவெளி இருக்கும் இடங்களில் மட்டும் இணைக்க வேண்டும். திருப்பத் தடையை, யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மூன்று உறுப்புகளாகச் சேமிக்கிறது: எந்தச் சாலையிலிருந்து, எந்தப் புள்ளி வழியாக, எந்தச் சாலைக்கு. ஒற்றைக் கோட்டை இரண்டாகப் பிரிக்கும்போது பழைய தடை தவறான துண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். பிரிப்பவர் அதையும் பார்த்து மாற்ற வேண்டும். ஒரு திருப்பத்தைத் தடுப்பதற்காகச் சாலை முழுவதையும் ஒருவழி என்று குறித்துவிடும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். எதிர்த்திசையில் வருபவர்கள் கதி அதோகதிதான்.

பின்சுவர் பிரச்சினை இதைவிடப் பரவலானது. பெரிய வளாகத்துக்கு வைக்கப்படும் இடக்குறி வழக்கமாக அதன் நடுவில் இருக்கும். உள்ளே சாலை வரையப்படாதபோது, செயலி அந்த இடக்குறிக்கு நேர்க்கோட்டில் மிக அருகில் உள்ள சாலையைத் தேடும். பின்பக்கச் சந்து 15 மீட்டரில், முன்வாசல் சாலை 60 மீட்டரில் என்றால் சந்துதான் வெல்லும். நடுவில் சுவர் இருப்பது அதற்குத் தெரியாது. இடக்குறியை நகர்த்துவது தற்காலிக வைத்தியம். சுற்றுச்சுவர், அதில் வாயில், வாயிலிலிருந்து கட்டடம் வரை உள்சாலை, கட்டடத்தின் நுழைவு என நான்கையும் வரைந்து இணைத்தால்தான் தீரும். இரவில் பூட்டும் வாயில் என்றால் நேரத்தையும் சேர்க்க வேண்டும். அதுவரை விருந்தினருக்கும் பொருள் கொண்டுவருபவருக்கும் கட்டடத்தின் பெயரை அனுப்பாமல் வாயிலின் ஆயத்தொலைவை (அட்ச, தீர்க்க எண்களை) அனுப்புங்கள்.

மூன்றாவது, வழிக் கணக்கு. செயலி பொதுவாகத் தூரத்தைவிட நேரத்தையே குறைக்கப் பார்க்கிறது. பிரதான சாலையில் ஓடும் கைபேசிகளின் வேகத்திலிருந்து நெரிசல் தெரிந்துவிடும். குறுக்குச் சந்தில் கைபேசிகளே ஓடவில்லை என்றால், சாலை வகைக்கு வைத்திருக்கும் உத்தேச வேகத்தைப் போட்டுக்கொள்ள நேர்கிறது. வாகனம் வராத சாலையும் வாகனம் போக முடியாத சாலையும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். நெரிசல் கூடக் கூட, யாரும் போகாத சந்து இன்னும் கவர்ச்சியாகிவிடுகிறது. கைபேசியை வைத்து வாகனத்தை ஊகிப்பதன் பலவீனத்தை 2020-இல் பெர்லின் கலைஞர் சைமன் வெக்கர்ட் வேடிக்கையாகக் காட்டினார்: 99 கைபேசிகளைக் கைவண்டியில் போட்டு இழுத்துச் சென்று, காலியான தெருவைக் கூகுள் மேப்ஸில் நெரிசல் சிவப்பாக்கினார். வேகத் தரவு இல்லாத சாலையை ‘உறுதியில்லை’ என்று கோடிட்டுக் காட்டுவதும், ஐந்து நிமிடமாவது மிச்சமாகாவிட்டால் அதற்குள் அனுப்பாமல் இருப்பதும் செயலி நிறுவனங்கள் செய்யக்கூடியவை. வண்டியின் அகலத்தையும் உயரத்தையும் ஒரு தடவை கேட்டுவைத்துக்கொள்வதும் அப்படியே. ஆனால் சாலையின் அகலம் தரவில் இல்லாதவரை, கேட்டும் பயனில்லை. அகலத்தைப் பதிவது நம் பக்கத்து வேலை.

குரல் பிந்தி வருவதற்குக் காரணம் சின்னக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் போகிறது. இருப்பிடம் வழக்கமாக நொடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகிறது. நாம் தவறாகத் திரும்பியதை உறுதிசெய்ய செயலிக்கு இரண்டு மூன்று புள்ளிகள் வேண்டும் என்றால், அதற்குள் 50 மீட்டர் ஓடிவிடும். 30 மீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு திருப்பங்கள் இருக்கும்போது இரண்டையும் ஒரே மூச்சில் முன்கூட்டியே சொன்னால்தான் உண்டு. பயணத்துக்கு முன் வழியைப் படிப்படியாகக் காட்டும் பட்டியலை ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டால், இப்படிப்பட்ட இடங்கள் முன்பே கண்ணில் படும்.

புகார் எழுதுபவர்களுக்கு: ‘இந்தச் சாலை தப்பு’ என்ற வரியை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. எந்தத் திசையில் வந்தீர்கள், எந்த வாகன முறையில் வழி கேட்டீர்கள், என்ன கிழமை, என்ன நேரம், அங்கே பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பவை வேண்டும். பலகையின் படம் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஆயத்தொலைவில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருக்கட்டும். ஐந்தாம் இலக்கம் சுமார் ஒரு மீட்டர், நான்காம் இலக்கம் சுமார் 11 மீட்டர், அதில் இரண்டு வாயில்கள் குழம்பிவிடும். வழக்கமாக அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு. சில மென்பொருள்கள் மாற்றிக் கேட்கும். செயற்கைக்கோள் படத்தை வைத்து ‘கோடு விலகியிருக்கிறது’ என்று முடிவு கட்ட வேண்டாம். படமே சில மீட்டர் விலகியிருக்கலாம், சில வருடம் பழையதாகவும் இருக்கலாம். பள்ளம் தோண்டியதால் மூடிய சாலையை அழிக்கச் சொல்லாதீர்கள், தற்காலிக மூடல் என்று சொல்லுங்கள். அழித்த சாலையைத் திரும்ப வரைய ஆள் கிடைப்பது கடினம்.

நேரடியாகத் திருத்த விரும்புவோர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கலாம். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி, நிற்கும் தெருவைப் பற்றி எளிய கேள்விகள் கேட்டு விடையைப் பதிந்துகொள்ளும். அதே தரவைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ் போன்றவற்றில் திருத்தம் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். அடுத்த வரைபடக் கோப்பைப் பதிவிறக்கும்வரை பழையதுதான் இருக்கும். திருத்தம் போகவில்லையே என்று இரண்டாம் தடவை வரைந்துவிடாதீர்கள், இரட்டைச் சாலை ஆகிவிடும்.

நிறுவனங்களிடம் கேட்பது இது: ‘பிழையைத் தெரிவி’ பொத்தானை அழுத்தியதும் கடைசி 200 மீட்டரின் வழிக்கோடு, அப்போதிருந்த வட்டத்தின் அளவு, வரைபடத் தரவின் தேதி ஆகிய மூன்றும், பயனர் சம்மதித்தால், புகாரோடு தானாகவே இணைய வேண்டும். முழுப் பயணத்தையும் அனுப்பத் தேவையில்லை. வீட்டிலிருந்து எங்கே போனார் என்பது யாருக்கும் வேண்டாம். புகாரை நிராகரித்தால் இருப்பிடமா, வரைபடமா, வழிக் கணக்கா என்று காரணத்தைச் சொல்லியே நிராகரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வரைபடத் தரவு திருத்தும் தன்னார்வலர்கள்